வாசிப்பு நிறுத்தப்பட்ட மாலை

பெயர் தமிழரசி. வயது முப்பத்தாறு. தகப்பனார் சுப்பையா, காலஞ்சென்றவர், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முகவரி: ரயில்வே கேட் சந்து, மாடி வீடு, போபோடி, புனே. தொழில்: ஹடப்சரில் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அறிக்கை தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வாசிப்பாளர்.

நான் மேற்படி முகவரியில் என் தாயாருடன் குடியிருந்து வருகிறேன். பிறந்ததும் வளர்ந்ததும் இதே சந்துதான். வீட்டில் தமிழ், வாசல்படி தாண்டினால் இந்தி, மராத்தி. தமிழ் பேசுவேன், மெதுவாகப் படிப்பேன், எழுத வராது என்றே சொல்லலாம். ஆகையால் நான் சொல்லச் சொல்ல தலைமைக் காவலர் திரு. அமல்ராஜ் எழுதி வருகிறார். கேள்வி கேட்பவர் காவல் ஆய்வாளர் திருமதி அந்தோணியம்மாள். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து இந்த வழக்குக்காகவே வந்திருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார்கள். பெண் சாட்சியை நிலையத்துக்கு அலைக்கழிக்கக் கூடாது என்று வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள். லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை, அதனால் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொல்லி வருகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவராக இருந்த ஸ்ரீவத்சன் என்பவர் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு ரயில் பிடிக்கப் போனார் என்றும், அதனால் ஒரு நோயாளி பாதிக்கப்பட்டார் என்றும் புகார். அவர் முன்ஜாமீன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். நான் இன்று சொல்வதைப் பொறுத்துத்தான் அவரைக் கைது செய்வதா, சாட்சியாக விசாரிப்பதா என்பது முடிவாகும் என்று ஆய்வாளர் என்னிடம் முதலிலேயே சொன்னார். எனக்கும் ஸ்ரீவத்சனுக்கும் ஒத்துப்போகாது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒத்துப்போகாது என்பது உண்மைதான். ஏசியில் தொடங்கி டீயில் சர்க்கரை வரைக்கும் சண்டை. அவர் சென்னைக்காரர், என் தமிழைக் கேட்டுவிட்டு, "உங்க தமிழுக்கே ஒரு ஸ்கிரீனிங் வேணும் தமிழரசி" என்பார். நானும் சும்மா இருக்க மாட்டேன்.

எங்கள் வேலை என்ன என்று ஆய்வாளர் கேட்டார். ஒரு மருத்துவமனை எங்களிடம் ஒரு கேள்வி கொடுக்கும். இந்த மருந்து பலன் தருமா, கெடுதல் செய்யுமா என்பது போல. உலகம் முழுவதும் அதைப் பற்றி வந்திருக்கக்கூடிய ஆய்வுக் கட்டுரைகளை நாங்கள் வலைபோட்டு அள்ளுவோம். அள்ளினால் ஆயிரக்கணக்கில் வரும், அதில் நமக்கு வேண்டியது ஒரு கைப்பிடிதான் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையின் சுருக்கத்தையும் படித்து, வேண்டும் அல்லது வேண்டாம் என்று பிரிக்க வேண்டும். இதற்குப் பெயர்தான் ஸ்கிரீனிங். இப்போது இதில் மெஷின் உதவுகிறது. நாங்கள் வேண்டும், வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்து அது கற்றுக்கொண்டு, எது எங்களுக்கு வேண்டியதாக இருக்கும் என்று ஊகித்து, அதை வரிசையில் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும்.

தலைமைக் காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, புரியவில்லை என்றார். அப்போது என் தாயார் பக்கத்தில் அமர்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதைக் காட்டிச் சொன்னேன். அம்மா பொறுக்குகிற கல்லைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரிக் கல்லையெல்லாம் முறத்தின் ஓரத்துக்குத் தள்ளிக் கொடுக்கிற ஆள் ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும், அதுதான் மெஷின். முதலில் கல் மேல் கல்லாக வரும். போகப்போகக் குறையும். பிறகு வெறும் அரிசியாக வரும். அப்போது ஒரு கேள்வி எழும். இன்னும் பார்க்கணுமா, உலையில் போடலாமா? மெஷின் அதைச் சொல்லாது. அது வரிசைப்படுத்த மட்டும்தான் செய்யும். நிறுத்துவது மனுஷர் வேலை.

"அப்ப மெஷின் தானா நின்னுச்சுன்னு சொல்றது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"அப்படி ஒண்ணு கிடையாது மேடம். யார் அப்படிச் சொன்னாலும் அது பச்சைப் பொய்" என்றேன்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு படி உண்டு. முதல் படி, வரிசையில் தொடர்ந்து இருநூறு கட்டுரைக்கு வேண்டாம், வேண்டாம் என்றே வந்தால், நிறுத்தலாமா என்று பேச்செடுக்கலாம். பேச்செடுக்கலாமே தவிர நிறுத்த முடியாது. இரண்டாவது படி சீட்டு, குலுக்கல் சீட்டு எடுப்பது போல. இன்னும் படிக்காமல் பின்னால் கிடக்கிற குவியலிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டு சில நூறைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதை ஒருவர் முழுக்கப் படிக்க வேண்டும். அதில் வேண்டியது ஒன்று இருந்தாலும் நிறுத்தக் கூடாது, மறுபடி வரிசைக்குப் போக வேண்டும். இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நிறுத்தலாம் என்று சொல்கிறவர் சீட்டைப் படிக்கக் கூடாது. நிறுத்தக் கூடாது என்று சண்டை போடுகிறவர்தான் படிக்க வேண்டும். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறவர் கண்ணுக்கு எல்லாமே வேண்டாம் என்றுதான் தெரியும், அதனால் இந்த ஏற்பாடு. எழுத்தில் எங்கும் கிடையாது, ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

எங்கள் குழுவில் ஸ்ரீவத்சன், நான், சோனியா என்று மூன்று பேர். சோனியாவுக்குத் தமிழ் தெரியாது. சீட்டைப் படிக்கிற வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். எனக்குப் போதும் என்று சீக்கிரத்தில் தோன்றாது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு மருத்துவமனை (பெயர் வழக்குக் கோப்பில் உள்ளது) எங்களிடம் ஒரு கேள்வி அனுப்பியது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் பூசுகிற ஒரு களிம்பைத் தங்கள் நோயாளிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கலாமா என்பது கேள்வி. கட்டுரைகள் ஏறக்குறைய எட்டாயிரம் வந்தன. அதன் பிறகு மூவரும் படிக்கத் தொடங்கினோம். முதல் வாரத்தில் வேண்டியவை நிறைய வந்தன, பிறகு குறைந்தன, பிறகு வரவே இல்லை. தொடர்ந்து இருநூறு வேண்டாம் ஆனது. குவியலில் பாதியைக்கூட நாங்கள் தொட்டிருக்கவில்லை. அப்போது ஸ்ரீவத்சன் நிறுத்தலாம் என்றார். நான் முடியாது, இன்னும் ஒரு இருநூறு பார்க்கணும் என்றேன்.

இதை அவர் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டார்: "தமிழரசி, உங்களுக்கு எப்பதான் போதும்னு தோணும்? அங்க காலை வெட்டலாமா வேண்டாமான்னு டாக்டர் காத்துட்டிருக்காரு. நாம எட்டாயிரத்தையும் படிச்சு முடிச்சா அதுக்குள்ள எத்தனை கால் போகும்?"

நான் சொன்னேன்: "அதுக்குன்னு பாதிக் கிணறு தாண்டச் சொல்லுதீங்களா?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. அவர் வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு வழக்கப்படி சீட்டு எடுக்கப்பட்டது, எதிர்த்தவள் நான் என்பதால் என்னிடம் தரப்பட்டது.

அந்த நாட்களில் ஸ்ரீவத்சனுடைய தங்கைக்குக் கல்யாணம். சென்னை போவதற்கு டிக்கெட் எடுத்திருந்தார். சீட்டை நான் படித்து முடிக்கவிருந்த நாள்தான் அவர் புறப்படுகிற நாளும். அன்று மதியம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு செய்தி போட்டேன்: "சாருக்கு ரயில் வந்தாச்சு, மெஷின் நின்னாச்சு." ஆய்வாளர் இன்று தன் கைப்பேசியில் எனக்குக் காட்டிய படம் இந்தச் செய்திதான். நான் போட்டதுதான், மறுக்கவில்லை.

இதைச் சொன்னதும் தலைமைக் காவலர் அடிக்கோடு போட்டார். ஆய்வாளர், "போதும்மா, இதுதான் எங்களுக்கு வேண்டியது. வாசிச்சுக் காட்டச் சொல்றேன்" என்றார். நான் போதாது என்றேன். இந்த இடத்தில் நிறுத்தினால் நான் சொன்னது எல்லாம் உண்மையாகவும் மொத்தமும் தப்பாகவும் ஆகிவிடும், ஆகையால் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தலைமைக் காவலர், "ஆபீஸ் ஆளைக் காப்பாத்தணும்னு வந்துட்டா கதை இப்படித்தான் நீளும் மேடம்" என்றார். அவர் சொன்னதையும் சேர்த்தே எழுதச் சொன்னேன், எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஆய்வாளர் தொடரச் சொன்னார்.

அந்தச் செய்தி கேலிக்காகப் போட்டது. எங்கள் குழுவில் தினமும் இப்படித்தான் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருப்போம். அதற்குக் கீழேயே ஸ்ரீவத்சன் போட்ட பதிலும் இருக்கிறது: "வண்டி லேட்டாம். நீங்க ஒண்ணைக் கண்டுபிடிங்க, நான் டிக்கெட்டைக் கிழிச்சுடறேன்." ஆய்வாளரிடம் கொடுக்கப்பட்ட படத்தில் என் வரி மட்டும் இருக்கிறது, அவர் வரி வெட்டப்பட்டிருக்கிறது. என் கைப்பேசியில் இரண்டும் இருக்கின்றன, எடுத்துக் காட்டினேன். ஆய்வாளர் இரண்டு முறை படித்தார்.

அந்தச் செய்தி போட்ட பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் சீட்டைப் படிக்கும்போது, ஒன்றாவது கிடைக்க வேண்டும் என்ற ஆசையோடு படித்தேன். நோயாளிக்காக இல்லை. அவர் தோற்க வேண்டும் என்பதற்காக. குறை கண்டுபிடிக்கிற கண்ணோடு நான் படித்த அளவுக்கு அந்த அலுவலகத்தில் யாரும் படித்திருக்க முடியாது. கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்று சந்தேகமாகப் பட்டது. களிம்பின் பெயர் தெளிவாக இல்லை, கால் புண் என்று இருந்தது. நான் எழுந்து அவர் மேஜைக்குப் போய், "ஒண்ணு மாட்டிக்கிச்சு சார்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பை தோளில் இருந்தது, ஆட்டோ கீழே வந்து நின்றிருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். சுருக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, முழுக் கட்டுரையும் பார்க்கணும் என்றார். அது தமிழிலோ இங்கிலீஷிலோ இல்லை, போர்ச்சுகீசில் இருந்தது. மொழிபெயர்ப்புக் கருவியில் பத்தி பத்தியாகப் போட்டு, சந்தேகம் வந்த இடத்தில் அகராதியைத் திறந்து, மருந்தின் பெயரை அட்டவணையில் தேடி, கடைசி வரை படித்தார். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சோனியா, "தாதா, காடி சூட் ஜாயேகி" என்றாள், அண்ணா, வண்டி போய்விடும் என்று அர்த்தம். அவர் கையை மட்டும் காட்டினார்.

அது வேறு களிம்பு. எங்களுக்கு வேண்டியது அல்ல. அட்டவணையை எனக்கும் காட்டினார், நானே பார்த்து வேண்டாம் என்று குறித்தேன். அதன் பிறகு மீதி இருந்த சீட்டையும் படித்தேன், ஒன்றும் இல்லை. அவர் என்னிடம், "இப்ப சொல்லுங்க, நிறுத்தலாமா?" என்று கேட்டார். நான், "நிறுத்தலாம்" என்றேன். எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் வழக்கம் வழக்கம்தான். நான் சொன்ன பிறகுதான் அவர் நிறுத்தினார். அப்போது சென்னை ரயில் போயே போய்விட்டது. அவர் மறுநாள் பஸ்ஸில் போனார். தங்கையின் வரவேற்பு முடிந்து பந்தியும் எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன், நேரில் பார்க்கவில்லை. ரயில் நேரம் தாண்டியும் அவர் மேஜையில் இருந்ததை நேரில் பார்த்தவர்கள் நானும் சோனியாவும். சோனியா ஹடப்சரில்தான் இருக்கிறாள், அவளையும் விசாரிக்கலாம்.

ரயிலுக்காக நிறுத்தினார் என்பது புகார். ரயிலை விட்டுவிட்டு நிறுத்தினார் என்பது நடந்தது.

அதன் பிறகு அறிக்கையை ஸ்ரீவத்சன் எழுதினார். எந்த இடத்தில் நிறுத்தினோம், எவ்வளவு படிக்காமல் விட்டோம், சீட்டில் ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை, இருந்தால் மிகச் சிலவே இருக்கும், ஆகையால் புதிதாகக் கொடுக்கும்போது நோயாளிகளைக் கவனித்து வரவும் என்று அதில் ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை நான் படித்தேன், அது அறிக்கையில் போனது. மருத்துவமனையில் அதை யார் படித்தார்கள், படிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன்.

இந்த ஆண்டு தொடக்கத்தில் எங்கள் மேலாளர் திரு. ராமநாதன் எங்களைக் கூப்பிட்டு, அந்தக் களிம்பு பூசிக்கொண்ட பாலாம்பாள் என்கிற அம்மாளுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டது என்றும், அவருடைய மகன் புகார் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்தக் களிம்பு புண் வழியாக உடம்பில் ஏறிக் காதைக் கெடுக்கலாம் என்று ஒரு சிறிய ஆய்வு முன்பே வந்திருக்கிறதாம், அதன் தலைப்பை அவர் சொல்லவில்லை. எங்கள் அறிக்கையில் அது இல்லை. அன்றைக்கே ஸ்ரீவத்சனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

எனக்கு அன்று என்ன தோன்றியது என்று ஆய்வாளர் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன். முதலில் அந்த அம்மாளை நினைக்கவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்றுதான் தோன்றியது. இன்னும் இருநூறு பார்த்திருந்தால் வந்திருக்கும் என்று சோனியாவிடமும் சொன்னேன், இரண்டு மொழியில் சொன்னேன். அதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டும் என்று, நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து மீதியைப் படிக்கத் தொடங்கினேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை. சோனியா துணைக்கு வந்தாள்.

நான் கேட்ட அந்த இருநூறையும் படித்தோம். இல்லை. அடுத்த இருநூறிலும் இல்லை. இப்படியே மாதங்கள் போயின. குவியலின் வால் பகுதியில், இனி எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்கிற இடத்தில் அது கிடந்தது. தலைப்பில் களிம்பு இல்லை, கால் இல்லை, புண் இல்லை. சிறுநீரகப் பிரிவுக்கு வருகிறவர்களின் செவித்திறன் சோதனை பற்றிய கட்டுரை அது. நடுவில் ஒரே ஒரு வரியில் களிம்பின் பெயர் வந்திருந்தது. அம்மா பொறுக்குவது கறுப்புக் கல். மெஷினும் கறுப்புக் கல்லைத்தான் ஓரத்துக்குத் தள்ளக் கற்றிருந்தது. இது அரிசி நிறத்தில் இருந்த கல். எங்கள் சீட்டிலும் அது வரவில்லை.

அதாவது, அவர் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தாலும் அது விட்டுப்போயிருக்கும். நான் சொன்ன இடத்தில் நிறுத்தியிருந்தாலும் விட்டுப்போயிருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம். ஒரு அம்மாளுக்குக் காது போயிருக்கிறது, எனக்கு என் வாதம் போய்விட்டதே என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. சோனியா கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

எட்டாயிரத்தையும் படித்திருக்க வேண்டியதுதானே என்று தலைமைக் காவலர் கேட்டார். படித்திருக்கலாம். படித்து முடிக்க இன்னும் மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். அதுவரை அந்த ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் களிம்பால் கால் தப்பியவர்களும் இருக்கிறார்கள், பாலாம்பாள் அம்மாளின் காலும் அதில்தான் ஆறியது என்று ஆய்வாளரே சொன்னார். எங்கே நிறுத்தினாலும் அந்தப் பக்கம் யாரோ ஒருவர் இருப்பார். அது தெரிந்துதான் நிறுத்துகிறோம். தெரியாத மாதிரி நடிக்கக் கூடாது, தெரிந்ததை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்களால் முடியும். ஸ்ரீவத்சன் எழுதி வைத்தார்.

போன வாரம் திரு. ராமநாதன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகத்தான் பேசுவார். "ஏனுங்க தமிழரசி, போலீஸ் வருவாங்க. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. அந்த மெசேஜ் நீங்க போட்டதுதானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிப்போட்டு அதோட நிறுத்திக்கோங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதுமுங்க" என்றார். அவர் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்றும் சொல்லவில்லை. குழுத் தலைவர் இடத்துக்கு அடுத்த மாதம் ஆள் போடப் போவதை மட்டும் நினைவுபடுத்தினார். நான், "யோசிச்சுச் சொல்லுதேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துத்தான் இப்போது சொல்கிறேன்.

ஸ்ரீவத்சன் எனக்கு நண்பர் இல்லை. இந்த வழக்கு வந்த பிறகு அவருடன் நான் பேசவும் இல்லை. மறுபடி வேலைக்கு வந்தால் மறுநாளே ஏசிக்குச் சண்டை போடுவேன். அவர் நிறுத்தியது சரியான முறையில் நிறுத்தியது. நிறுத்தலாம் என்று கடைசியில் வாயால் சொன்னவள் நான். அவரைக் கைது செய்வதானால் அந்த வார்த்தையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு தலைமைக் காவலர் பேனாவை மூடினார். பிறகு, "நீங்க சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும்மா. அந்தம்மாவை நான் பார்த்தேன். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையல் பொறுப்பு. குக்கர் விசில் கேக்காது. அடுப்பு மேடையில உள்ளங்கையை வச்சு, அதிர்றதை எண்ணி இறக்குறாங்க. அவங்க உங்களைக் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையும் அப்படியே எழுதச் சொன்னேன். ரயில் ஒன்று போனது, போய் முடிந்த பிறகு எழுதினார்.

அதன் பிறகு ஆய்வாளர், சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதில்லை, வாசித்துக் காட்டினால் போதும் என்றார். வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் நான் பார்த்ததைப் பார்த்தது என்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. இதற்கு மேல் ஏதாவது உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். விட்டுப்போனது ஒன்றுமே இருக்காது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

நிறுத்துவதால் ஒரு வேண்டுகோள் உண்டு. எங்கள் வழக்கப்படி, நிறுத்துகிறவர் சரிபார்க்கக் கூடாது. இதில் ஓட்டை இருக்க வேண்டும் என்று யார் மனதார விரும்புகிறாரோ அவர்தான் படிக்க வேண்டும். அது பாலாம்பாள் அம்மாள். அவர் படித்து, இந்த இடத்தில் நீ பார்க்காமல் விட்டாய் என்று ஒரு வரியைக் காட்டினால், நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தயார். இந்த வாக்குமூலத்தை அவருக்குக் கொடுக்கலாமா என்பது நீதிமன்றத்தைக் கேட்டுத்தான் தெரியும் என்று ஆய்வாளர் சொன்னார். அவருக்கு வாசித்துக் காட்ட முடியாது, கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று சொன்னேன். தலைமைக் காவலர் அமல்ராஜ் அதுவரை கிறுக்கலாக எழுதிய தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்தார். இது அவர் பெரிய எழுத்தில் மறுபடி எழுதிய பிரதி.

வாசிக்கக் கேட்டேன், சரி.
தமிழரசி, போபோடி, புனே.

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது:
அந்தோணியம்மாள், காவல் ஆய்வாளர்.